சான்றிதழும் சபைப் பதிவேடும்

2025 ஏப்ரல் 30 அன்று ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதன் மை உலருமுன் ஜூலை மாதத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் ஊழியர்மேல் எடுத்த நடவடிக்கையும், சித்தூர், திருப்பதிப் பிரதேசத்துச் சேகரங்களில் ஊழியம் செய்யும் நம்மை ஒரு நிலைப்பாட்டுக்கு வரும்படி நெருக்குகின்றன. முதலாவதில், கொத்தபாலெம் கிராமத்துப் போதகர் ஒருவர், தம்மைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கினார்கள் என்று கொடுத்த புகாரின்மேல் எழுந்த வன்கொடுமை வழக்கு, அவர் கிறிஸ்தவப் போதகராயிருக்கிறபடியால் பட்டியல் சாதியினர் ஆகார் என்ற காரணத்தால் ரத்துச் செய்யப்பட்டது. அவருடைய சாதிச் சான்றிதழ் ரத்தாகாமல் கையிலிருப்பதும் அவருக்குத் துணையாகவில்லை. இரண்டாவதில், தேவஸ்தானத்தின் உதவி நிர்வாக அதிகாரி ஒருவர், ஞாயிறுதோறும் புத்தூரில் ஆலய ஜெபத்தில் கலந்துகொள்கிறார் என்பதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே மாதத்தில் மேலும் நால்வர்மீது அவ்வண்ணமே நடவடிக்கை எடுக்கப்பட்டது. புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பெருவழியில் அமைந்திருக்கிற வடமாலபேட்டையைச் சுற்றி ஊழியம் செய்கிறவர்களுக்கு இவை தூரதேசத்துச் செய்திகளல்ல.

தேவஸ்தானத்தின் விதியோடு நமக்கு வழக்கில்லை. ஒரு சமய ஸ்தாபனம் தன் பணியாளர் தன் சமயத்தினராய் இருக்கவேண்டுமென்று விதிப்பது அதன் உரிமை. நம் வேதசாஸ்திரக் கலாசாலைகளுக்கும் அவ்வுரிமையை நாம் கோருகிறோம். தான் கையெழுத்திட்ட உறுதிமொழிக்கு மாறாக ஒருவன் நடக்க நேர்ந்தால், அவன் தன் மனச்சாட்சியோடு அதைத் தீர்த்துக்கொள்ளவேண்டுமேயன்றி, போதகர் அவனுக்கு மறைவிடம் கட்டிக்கொடுத்தலாகாது. ஆனால் நீதிமன்றத்தின் காரணம் நம்மை வேறுவிதமாகத் தீண்டுகிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று நீதிபதி சொன்னது நம் வேதத்தின்படி சத்தியம். நம் சரித்திரத்தின்படி அது சத்தியமாயிருந்ததில்லை. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது எழுந்த கலகம் முதல், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் வரை, நம்முடைய சாட்சியம் நமக்கே விரோதமாக நிற்கிறது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. பட்டியல் சாதியினர் யாரென்று வகுத்த 1950ஆம் ஆண்டு ஆணையில், இந்து அல்லாதவர் அப்பட்டியலைச் சேரார் என்று விதித்த மூன்றாம் பத்தி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் தளர்ந்தது; நமக்குத் தளரவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத்தைச் சாதித் தகுதியிலிருந்து பிரிக்கச் சொல்லியும், 2023 மார்ச்சில் நம் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது அப்படியே நிற்கிறது. அது அநியாயமான பத்தி என்பதே இவ்விதழின் நிலைப்பாடு; அதை நீக்கும்படி முறையிடுவது நம் கடமை.

இதுவரை சொன்னதில் வாசகருக்குப் புதியது ஒன்றுமில்லை. இத்தகைய தீர்ப்புகளுக்குள் ஒளிந்து நிற்கும் வேறொரு விஷயத்தைக் குறித்தே இவ்வுரையை எழுதத் துணிந்தோம். 2024 நவம்பர் 26 அன்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில் அவர் கிறிஸ்தவரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் குழந்தையாய்ப் பெற்ற ஞானஸ்நானமும், அவர் ஆலயத்துக்குச் சென்றுவருவதாகக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தறிந்ததும் முக்கிய ஆதாரங்களாக நின்றன. நாம் எழுதிவைக்கும் ஏடு இனி நியாயஸ்தலத்தின் சாட்சி. இதை நம் ஜனங்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும் பருவத்தில் ஒரு குடும்பம் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறது. தகப்பனுக்கு அரசாங்க வேலை உறுதியானவுடன் மற்றொன்று. மூத்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், இளையவனைப் பிரதிஷ்டை செய்து ஜெபித்தால் போதும், ஏட்டில் எழுதவேண்டாம் என்கிறார்கள். காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணுகையில், பத்து ரூபாய் நோட்டுக்குள் நாலாய் மடித்த துண்டுக் காகிதம் ஒன்று கிடக்கும்: தெலுங்கிலோ தமிழிலோ, மகனுடைய இன்டர்வியூவுக்காக ஜெபிக்கவும் என்றிருக்கும், அடியில் பெயர் இராது. எழுதியது யார் கையெழுத்தென்று போதகருக்குத் தெரியும். அந்தக் கைக்குரியவர் திருவிருந்துக்கு வந்து வருஷங்களாயிருக்கும்.

இவர்களை நாம் என்ன செய்கிறோம்? நம் சேகரங்களில் எதையாவது எடுத்துப் பாருங்கள். தடித்த அட்டையிட்ட சபைப் பதிவேடு. குடும்ப எண், பெயர், ஞானஸ்நானம் பெற்ற நாள், திடப்படுத்தல், திருவிருந்து, சந்தா என்று கட்டங்கள். சந்தாக் கட்டம் தொடர்ந்து வெறுமையாய்ப் போனால், சேகரக் கமிட்டி கூடும் நாளில் அந்தப் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. ஓரத்தில் நீக்கம் என்ற ஒரு சொல். அதற்கடியில் செயலாளரின் சுருக்கொப்பம். விலகினவன் வீட்டுக்கு யாராவது போனார்களா, அவனுக்காக எந்த ஜெபக் கூட்டத்திலாவது முழங்காற்படியிட்டார்களா என்று எழுதுவதற்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது. அவன் திரும்பி வரவிரும்பினால், முதலில் பொருளாளரைப் பார்த்துப் பாக்கியைக் கட்டவேண்டும். ரசீது வந்தபின்னரே அவனுடைய பாவமன்னிப்பைப் பற்றிய பேச்சு எழும். கிறிஸ்துவின் சரீரத்தினின்று ஓர் அவயவம் அறுக்கப்படுவதைக் கணக்குத் தணிக்கைபோல் நடத்துகிறோம் என்பதை இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இன்று அந்தச் சிவப்புக் கோடு இரட்டிப்பான கொடுமையாகிவிட்டது: அரசாங்கம் அவனைக் கிறிஸ்தவன் என்று தள்ளுகிறது, நாம் அவனைக் கிறிஸ்தவன் அல்லன் என்று தள்ளுகிறோம்.

சபை இந்த இக்கட்டை முன்பும் கண்டிருக்கிறது. கி.பி. 250இல் தேசியஸ் சக்கரவர்த்தி, குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் எழுத்துச் சான்று பெறவேண்டுமென்று ஆணையிட்டான். அப்படிப்பட்ட சான்றுகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து இன்றுவரை கிடைத்திருக்கின்றன. மெய்யாகவே பலியிட்டவர்கள் ஒருபுறம். பலியிடாமல் சான்றை மாத்திரம் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் மறுபுறம். உபத்திரவம் ஓய்ந்து 251இல் கார்த்தேஜில் சங்கம் கூடியபோது, பேராயர் சிப்பிரியான் இவ்விரு சாராரையும் ஒரே தராசில் இடவில்லை. சான்று வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, மனஸ்தாபப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள வழிசெய்தார். விழுந்தவர் எவருக்கும் கதவைத் திறக்கலாகாது என்று ரோமாபுரியில் நொவாத்தியன் பிடிவாதம் செய்து பிரிந்துபோனான். சபை அவனைப் பின்பற்றவில்லை. அந்நாளில் சிறையில் விசுவாசத்துக்காக வதையுண்டு கிடந்தவர்களே, விழுந்துபோனவர்களுக்காகப் பரிந்து பேசும் நிருபங்களை எழுதி அனுப்பினார்கள். அந்த நிருபங்கள் அளவு மீறிப் பெருகியபோது சிப்பிரியான் அவற்றைக் கண்டித்தார் என்பது மெய். ஆயினும் நிலைத்து நின்றவர்கள் விழுந்தவர்களுக்காக மன்றாட வெட்கப்படவில்லை. இன்று ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேர், வராமற்போன வீட்டுக்காரனுக்காக அவ்விதம் கண்ணீர் விட்டிருக்கிறோம்?

தேசியஸின் சான்றுக்கும் நம் தாசில்தாரின் சான்றுக்கும் உள்ள பேதத்தை மறந்துவிடலாகாது. அந்தச் சான்று ஒருவன் செய்த பலியைச் சொல்லிற்று. இந்தச் சான்று ஒருவனுடைய பிறப்பைச் சொல்கிறது. மாலா வீட்டிலோ மாதிகா வீட்டிலோ பறையர் வீட்டிலோ பிறந்தவன் அங்கே பிறந்தான் என்பது பொய்யல்ல. அந்தப் பிறப்போடு சமயத்தைப் பிணைத்தது அரசாங்கம். ஆகையால் சான்றிதழைக் கையில் வைத்திருக்கிற ஒவ்வொருவனையும் கிறிஸ்துவை மறுதலித்தவன் என்று பட்டம் கட்டுவது போதகருக்கு அடுத்ததல்ல. அதற்காக அவனிடம் சத்தியத்தை மறைப்பதும் நமக்குத் தகாது: விண்ணப்பத்தில் சமயம் என்ற இடத்தில் அவன் எழுதுவதற்கு அவனே கடவுளுக்கும் சட்டத்துக்கும் உத்தரவாதி என்பதையும், நம் மாநிலத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குப் பிற்பட்டோர் சி பிரிவில் ஒரு சதவீத இடமே இருப்பதையும், அதற்கும் பட்டியல் சாதியினரின் ஒதுக்கீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாரத்தையும் தெரிந்து அவனுடைய மேசையில் உட்கார்ந்து பேசவேண்டும். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், தன் ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோனின் கோயிலில் பணியும்போது தானும் குனிய நேரிடுமே, அதை மன்னிக்கவேண்டுமென்று கேட்டபோது, எலிசா அவனுக்கு உத்தியோகத்தை விடச் சொல்லவுமில்லை, அவன் செய்வது சரியென்று சொல்லவுமில்லை; சமாதானத்தோடே போகச் சொன்னார். அந்த மௌனத்துக்குள் ஒரு மேய்ப்பனுடைய பொறுமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

விலகினவனை மீட்டெடுக்கும் வேலையில் ஜெபமே முதலாவது வரவேண்டும். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி கர்த்தர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். அவன் திரும்புவான் என்று நம்பி, திரும்பினபின் அவன் செய்யவேண்டிய ஊழியத்தையும் அப்பொழுதே ஒப்புவித்தார். ஜனங்கள் தம்முடைய ஆலோசனையைத் தள்ளிவிட்டு ராஜாவைக் கேட்டபோதும், அவர்களுக்காக ஜெபிப்பதை நிறுத்துவது கர்த்தருக்கு விரோதமான பாவமாகும் என்று சாமுவேல் எண்ணினார். ஒருவனுக்காக நாள்தோறும் மன்றாடுகிறவன் அவனைப் பற்றிக் கமிட்டியில் கடுஞ்சொல் பேச மாட்டான். அவன் வீட்டுப் படியேறும்போது குற்றப்பத்திரிகையோடு ஏற மாட்டான். நம் அயலூரான புத்தூரில் எலும்பு முறிந்து வருகிறவனுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர், முதலில் கையை மெல்லத் தடவி முறிவின் இடத்தைக் கண்டு, எலும்பை நேர்ப்படுத்தி, பச்சிலை வைத்து மூங்கில் பத்தையால் கட்டி, அது கூடும்வரை அசையாதபடி காக்கிறார். எங்கே விழுந்தாய், ஏன் விழுந்தாய் என்ற விசாரணை அதற்குப் பிற்பாடுதான். சபை ஒழுங்கென்று நாம் பெருமை பேசுவது அந்த வைத்தியரின் விரல்களில் உள்ள மென்மையையாவது கற்றுக்கொள்ளவேண்டாமா?

இங்கே நம் சபையின் அதிகாரபீடங்களைக் குறித்து வெளிப்படையாகச் சொல்லவேண்டிய கசப்பு ஒன்றுண்டு. கிறிஸ்தவத்தை விட்டுத் தாய்ச்சமயம் திரும்புகிறவன் முன்னோரின் சாதித் தகுதியைப் பெறுவதற்கு 2015இல் உச்ச நீதிமன்றம் கே.பி. மனு வழக்கில் மூன்று நிபந்தனைகளைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது: முன்னோரின் சாதிக்கு ஆதாரம், திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். வெளியே போகும் வழிக்கு இவ்வளவு செப்பமான பாதை போட்டாயிற்று. உள்ளே திரும்பி வரும் வழிக்கு நம் சேகரங்களில் நடைமுறையில் இருப்பது பாக்கி ரசீது ஒன்றே. விலகினவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு ஓர் ஆராதனை முறைமையைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு எல்லாச் சேகரங்களுக்கும் அனுப்புங்கள் என்றும், சந்தாப் பாக்கிக்காகத் திருவிருந்தை மறுக்கலாகாதென்று சுற்றறிக்கை விடுங்கள் என்றும் மேலிடத்துக்கு நாம் எழுதிய விண்ணப்பங்களுக்குப் பெற்றுக்கொண்டோம் என்ற ஒற்றை வரியேனும் இன்றுவரை வரவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணை பிறந்த நாளான ஆகஸ்டு 10 தோறும் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், மூன்றாம் பத்தி போகவேண்டுமென்று மகஜர் எழுதுகிறோம், இரண்டும் செய்யத்தக்கவையே. ஆனால் சபைத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலைத் திருத்துவதில் காட்டும் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை, அந்தப் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோன ஆத்துமாக்களைத் தேடுவதில் எந்த மகாசபை காட்டியிருக்கிறது? சிதறினதைத் திரும்பக் கொண்டுவராத மேய்ப்பர்களுக்கு விரோதமாக எசேக்கியேல் தீர்க்கதரிசி உரைத்த கடும் அதிகாரத்தைப் பதவி வகிக்கிற ஒவ்வொருவரும் மண்டியிட்டு வாசிக்கட்டும்.

மேலிடம் அசையும்வரை காத்திராமல் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டைத் திருத்தாதீர்கள், கிழிக்காதீர்கள், யாருடைய வேண்டுதலுக்காகவும் ஒரு நாளை மாற்றி எழுதாதீர்கள். அது பாவமும் குற்றமுமாகும். முறைப்படி எழுத்தில் வரும் உத்தரவுக்கன்றி வாய்மொழியாய்க் கேட்டு வருகிறவர் எவருக்கும் அதை எடுத்துக் காட்டாதீர்கள். விலகினவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து ஜெபிக்கும் வழக்கம் எங்கேயிருந்தாலும் இன்றோடு நிற்கட்டும். அன்பினால் உச்சரிக்கப்படும் பெயரே ஒருவனுடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிடக்கூடிய காலம் இது. ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசிக்கும்போது இஸ்ரவேல் புத்திரரின் பெயர்களைத் தோள்மேல் இரண்டு கற்களிலும் மார்பின்மேல் பன்னிரண்டு கற்களிலும் வெட்டிச் சுமந்து சென்றான். அவ்வண்ணமே விலகின ஒவ்வொருவர் பெயரையும் போதகரும், வாயடக்கமுள்ள இரண்டொரு மூப்பரும் தங்களுக்குள் பங்கிட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயராகச் சுமக்கட்டும். மூன்று மாதம் அவ்விதம் ஜெபித்தபின்னரே அந்த வீட்டுக்குப் போங்கள். போகும்போது ரசீதுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் வர மறுத்தால் ஜெபத்தை விடாதீர்கள். வருவேன் என்றால், பாக்கியைப் பேசாமல் பந்தியைப் பேசுங்கள்.

சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டின் பட்டியல் திருத்தத்தில், ஒருவர் பெயரை நீக்குவதற்கு முன், அவருக்காக எத்தனை மாதம் ஜெபிக்கப்பட்டது, அவர் வீட்டுக்கு யார் சென்றார் என்ற இரு கேள்விகளுக்கும் விடை எழுதும் கட்டமொன்றைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையான விடை எழுதப்படும்வரை, எந்தச் சேகரத்திலும் எவருடைய பெயரின்மேலும் சிவப்புக் கோடு இழுக்க நமக்கு அதிகாரமில்லை.