கடலைக்கு நெஞ்சில் சளி

கினிப்பன்றி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. தளர்ந்த பிராணி எதுவென்று பார்த்துப் பிடித்துத் தின்னும் பகைகளுக்கு நடுவே பிழைத்த வம்சம். மனிதர் வீட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் அந்த எச்சரிக்கை அதன் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. அதன் மூச்சில் சத்தம் நம் காதுக்கு எட்டுகிறதென்றால், நோய் நேற்று வந்ததாக இருக்காது.

பெங்களூர் பசவனகுடியில் என் அக்கா வீட்டில் இருக்கும் கினிப்பன்றிக்குப் பெயர் கடலை. கார்த்திகையின் கடைசித் திங்களன்று பசவண்ணன் கோயில் தெருவில் கூடும் கடலேகாய் பரிஷெ என்ற கடலைத் திருவிழா சமயத்தில் வந்ததால் அக்கா மகள் வைத்த பெயர் அது. உடம்பின் நிறமும் வறுத்த கடலைத் தோல்தான். டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, "சித்தி, கடலை குடைமிளகாயைத் தொடவே இல்ல. மூச்சு விடறப்போ உள்ள ஏதோ நொறுங்கற மாதிரி சத்தம் வருது" என்று போன் செய்தாள். போய்ப் பார்த்தபோது மூலையில் உருண்டு உட்கார்ந்திருந்தது. ரோமம் சிலிர்த்திருந்தது. மூக்கோரம் பொருக்கு, கண்ணில் பீளை. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு விலாவும் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தன.

நமக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளித்துக்கொள்கிறோம். கினிப்பன்றிக்கு அந்த வசதி கிடையாது. மூக்கு ஒன்றுதான் அதற்கு வழி. அது அடைத்தால் மூச்சு முட்டும், தீனியின் வாசனை தெரியாது, மெல்ல முடியாது. மெல்லாத கினிப்பன்றியின் குடல் நின்றுபோகும். எந்நேரமும் புல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அந்தக் குடல் நகரும். நெஞ்சில் கிருமி தொற்றிய கினிப்பன்றி பல வேளை சாவது பட்டினியால்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வைத்தியத்தில் பாதி புரிந்துவிடும்.

இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது இரண்டு கிருமிகள்: போர்டெடெல்லா, நிமோனியா உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். முதல் கிருமியை முயலும் நாயும் எந்த நோவும் இல்லாமல் மூக்கில் சுமந்து திரியும். நாய்களுக்கு வரும் வறட்டு இருமலுக்கும் அதுவே காரணமாவது உண்டு. 'இரண்டும் புல் தின்கிற சாதுப் பிராணிகள்தானே' என்று முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பிரித்து வையுங்கள்.

அன்று பக்கத்து வீட்டம்மா அக்கறையோடு ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். பேரனுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய அமாக்சிசிலின் சிரப், பாதி மிச்சம். "ரெண்டு சொட்டு விடுங்கம்மா, குழந்தைக்கே கொடுக்கறதுதானே" என்றார். நல்ல மனசு. ஆனால் அந்த இரண்டு சொட்டு கடலையைக் கொன்றிருக்கக்கூடும். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களை அழித்துவிடும். அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். பேதி கண்டு சில நாளில் உயிர் போகும். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இதே ஆபத்துதான்.

மருத்துவ வரலாற்றையே திசை மாற்றியிருக்கக்கூடிய விஷயம் இது. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். எலிகள் பிழைத்தன; மருந்து மனிதரை எட்டியது. கினிப்பன்றிக்கு அது ஆகாது என்று தெரியவந்தது 1943-இல். ஆக்ஸ்ஃபோர்டில் அன்று கினிப்பன்றியை எடுத்திருந்தால் அந்த மருந்து ஓரங்கட்டப்பட்டிருக்கலாம். 1882-இல் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியை நிரூபித்ததும் கினிப்பன்றிகளின் உடம்பில்தான். நம் நுரையீரல் நோயைக் கண்டறிய உயிர் கொடுத்த பிராணி இது. அதன் நுரையீரலுக்கு நோய் வந்தால் எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று தெரிந்துவைத்திருப்பது நம் கடன் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர் பார்த்தவுடன், "நாய், பூனைன்னா சொல்லுவேன். இதுல எனக்குப் பழக்கம் இல்ல, தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பறேன்" என்றார். அந்த நேர்மைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஹெப்பாளில் 1958 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கும் நகரம் இது. ஆனாலும் சிறு பிராணிகளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அனுப்பப்பட்ட இடத்தில் இருந்த மருத்துவர் பெண். கடலையைத் துண்டில் சுற்றி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். என்ரோஃப்ளாக்சசின் எழுதினார். எடைக்குத் தக்க அளவை அவரே சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார். "மூணாம் நாள் தெளிஞ்சுடும். தெளிஞ்சதுன்னு நிறுத்திடாதீங்க, சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கணும். மருந்தைவிட முக்கியம், வயிறு காலியா இருக்கக் கூடாது" என்றார்.

அந்த வயிறுதான் எங்கள் எல்லாரையும் வேலை வாங்கியது. புல் உருண்டைத் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் எடுக்க வேண்டும். மடியில் துண்டு விரித்து, முதுகு நம் வயிற்றில் சாய்ந்திருக்க உட்காரவைக்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், பக்கவாட்டில் நுனியை நுழைத்துத் துளித்துளியாக விட வேண்டும். விட்டதை மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்துக்கொண்டு பீய்ச்சினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். இருக்கிற நோயோடு இன்னொன்றும் சேரும். மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியும். அக்கா புருஷன் அலாரம் வைத்து எழுந்தார். "இதுக்கு ஆகற செலவுல வேற ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று உறவில் ஒருவர் கேட்டபோது, அதிகம் பேசாத அந்த மனுஷர் சொன்னார்: "வேற வாங்கினா அது வேற. இதுக்கு மூச்சு முட்டுது."

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. நலமாக இருக்கிறதா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, தராசு சொல்லிவிடும். வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். அந்த உடம்பில் ஐம்பது கிராம் குறைவது பெரிய இறக்கம்.

வைட்டமின் சி விஷயத்தில் கினிப்பன்றி நம் பங்காளி. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கும் அதற்கும் அது முடியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். அந்தச் சத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது அங்கேதான். சாதாரண நாளில் கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் போதும். நோயில் 30 முதல் 50 வரை வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலில் கலக்குவதில் பயனில்லை, சீக்கிரமே கெட்டுவிடும். மருத்துவர் சொன்ன அளவைச் சிரிஞ்சில் கொடுத்துவிட்டு, தேறியதும் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு கொய்யா என்று தட்டில் வையுங்கள்.

'பெங்களூர்க் குளிர் ஒத்துக்கலை' என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டிஸ் மலைநாட்டிலிருந்து வந்த பிராணி அது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கும் இந்த ஊர், சென்னை வெயிலைவிட அதற்கு எவ்வளவோ மேல். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். கெடுப்பது வேறு சில. குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிடுகிறோம். கூண்டில் ஊறிய மூத்திரத்தின் அம்மோனியா அங்கேயே தங்கி, அந்தச் சின்ன மூக்கை நாள் முழுக்க அரிக்கிறது. கடையில் கொடுக்கும் மரத்தூள் மூச்சில் ஏறுகிறது. மாலையில் சாம்பிராணி, ராத்திரியில் கொசுவத்தி. அக்கா வீட்டில் மரத்தூளைக் கொட்டிவிட்டு, செய்தித்தாள் மேல் பழைய பருத்தித் துணி விரித்து தினமும் மாற்றினார்கள். கூண்டு ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவர் பக்கம் வந்தது. காற்று அறையில் உலாவ வேண்டும், கூண்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது. சாம்பிராணி பூஜையறைக் கதவுக்குள்ளேயே நின்றது.

கடலை முதலில் தானாகத் தின்றது கொத்தமல்லித் தண்டை. அக்கா மகள் அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். எடை மெல்ல ஏறியது. மருந்து கெடு முடியும் வரை ஒரு வேளையும் தவறவில்லை.

இப்போது நான் கேட்க நினைப்பது கடைக்குப் போகிறவர்களிடம். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்யாமல் அதை விற்கக் கூடாது. குழந்தையின் பிறந்தநாளுக்கென்று வாங்கப்போகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேளுங்கள். குட்டியின் மூக்கு உலர்ந்து சுத்தமாக இருக்கிறதா, அதே கூண்டில் தும்முகிற குட்டி வேறு உண்டா, பக்கத்துக் கூண்டில் முயல் இருக்கிறதா என்று பாருங்கள். கினிப்பன்றி பார்க்கிற மருத்துவர் யார், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்து, எண்ணைப் போனில் போட்டுவையுங்கள்.