விடுதியில் அடைபடும் மக்களின் வாக்கு

சட்டமன்ற உறுப்பினர் வாக்களிக்க வேண்டிய இடம் பேரவை. பலப்பரீட்சை நெருங்கும்போது அவரை விடுதியில் அடைத்து வைப்பதும், மாநில எல்லை தாண்டி அழைத்துப் போவதும் அவரை அனுப்பிய தொகுதிக்குச் செய்யும் துரோகம். எந்தக் கட்சி செய்தாலும் இது தவறே.

2017 பிப்ரவரி 7ஆம் தேதி ஓ. பன்னீர்செல்வம் அதிமுக தலைமைக்கு எதிராகப் போர்க்கொடி உயர்த்தினார். மறுநாளே அதிமுக உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதிக்குப் போனார்கள். 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-11 என்ற கணக்கில் வென்றது. ஆகஸ்ட் 22 அன்று டி.டி.வி. தினகரன் அணியைச் சேர்ந்த 19 பேர், முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அங்கிருந்து புதுச்சேரி, பிறகு கர்நாடகத்தின் குடகு. அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். அதன் பிறகு அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை.

இழப்பு மக்களுக்குத்தான். வைகை அணை இருக்கும் ஆண்டிபட்டி, நிலக்கோட்டை, ஆறு கிழக்கே இறங்கும் மானாமதுரை, பரமக்குடி என்று ஒரே நதிக்கரையில் பதவி இழந்தவர்களின் நான்கு தொகுதிகள் 2019 மே வரை, 20 மாதம், உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. அந்த ஊர்களின் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேரவையில் எழுப்ப அவர்களுக்கென்று ஓர் ஆள் இல்லை.

குதிரை பேரத்திலிருந்து காக்கவே விடுதி என்று கட்சிகள் சொல்கின்றன. பேரம் நடக்க அவகாசம் தருவது தாமதம்தான். 2018 மே மாதம் கர்நாடகத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட மறுநாளே பலப்பரீட்சைக்குப் பேரவை கூடியது. அந்த வேகம் ஏன் விதியாகக் கூடாது?

அமெரிக்காவின் டெக்சாஸில் 2025 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியினர் தொகுதி மறுவரையறை மசோதாவைத் தடுக்க இல்லினாய் மாநிலத்துக்குப் போனார்கள். டெக்சாஸில் 150 பேரில் 100 பேர் இருந்தால்தான் அவை நடக்கும். காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டே போனார்கள். நம் பேரவைக்குப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் போதும். வெளியே போவதால் அவை நின்றுவிடாது. இங்கே ஒளித்து வைப்பது எண்ணிக்கையைக் கைக்குள் வைத்துக்கொள்ள மட்டுமே.

பேரவைத் தலைவரின் அதிகாரமும் கேள்விக்குரியது. பிப்ரவரியில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த 11 பேர் பதவியில் நீடித்தார்கள். ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் பதவி இழந்தார்கள். அந்தத் தகுதிநீக்கத்தை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது உண்மை. ஆனால் ஒரே கட்சிக்காரர்களுக்கு இரண்டு அளவுகோல் ஏன் என்ற கேள்வி அதனால் தீரவில்லை. தகுதிநீக்க வழக்குகளைச் சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பது குறித்து நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது.

நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். பெரும்பான்மை கேள்விக்குள்ளானால் 48 மணி நேரத்தில் பேரவை கூட வேண்டும். தகுதிநீக்கப் புகார் மூன்று மாதத்தில் முடிய வேண்டும். இந்த உறுதியைத் தராத கட்சியிடம், வாக்குக் கேட்டு வரும்போது காரணம் கேளுங்கள்.