ஓடினவனும் ஓட்டினவனும்

'ஸ்கெடாடில்' என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால், 'அவசரமாக ஓடிப்போதல், பேச்சுவழக்கு, வேடிக்கையாகச் சொல்வது' என்கிற மாதிரி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நம்ம பாஷையில் கம்பி நீட்டுதல், டிமிக்கி கொடுத்தல், எஸ்கேப் ஆகுதல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குழந்தைகளுக்கான கார்ட்டூனில் வருகிற சத்தம் மாதிரி இருக்கும்.

ஆனால், இந்தச் சொல் பிரபலமானது போர்க்களத்தில்.

1861. அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பித்த வருஷம். தெற்குப் படைகள் பின்வாங்கியதைக் கேலி செய்ய வடக்கத்திப் பத்திரிகைகள் இதை எடுத்துக்கொண்டன. கொஞ்ச நாளில் ஊரெல்லாம் இதே பேச்சு. வேர் எது என்று பண்டிதர்கள் அடித்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் 'சிதறடி' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்றது ஒரு கட்சி. ஸ்காட்லாந்துப் பக்கம் பாலைச் சிந்துவதற்கு இப்படிச் சொல்வார்கள் என்றது இன்னொரு கட்சி. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். எனக்கு இந்தச் சொல்லின் வேரோடு தகராறு இல்லை. இலக்கணத்தோடுதான் தகராறு.

இது செயப்படுபொருள் குன்றிய வினை. 'ஹீ ஸ்கெடாடில்ட்.' முற்றுப்புள்ளி. வாக்கியம் முடிந்துவிட்டது. எதைக் கண்டு ஓடினான், யார் விரட்டினார்கள் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிட்டது.

தமிழில் நமக்கு ஒரு வசதி. 'ஓடினான்' தன்வினை. நடுவில் ஓர் ஒற்றைச் சேர்த்தால் 'ஓட்டினான்', பிறவினை. ஓடினவனுக்குப் பக்கத்திலேயே ஓட்டினவனையும் மொழி நிறுத்தி வைத்திருக்கிறது. ஸ்கெடாடிலுக்கு அந்த ஜோடி கிடையாது. ஓட்டினவனைச் சொல்ல வேண்டுமென்றால் வேறு சொல்லைத் தேடிப் போகணும். யார் தேடிப் போகிறார்கள்?

'இலக்கணத்துக்குப் போய் இவ்வளவு கோபமா?' என்கிறீர்கள். 1863-க்கு வாருங்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் வடக்கு அரசாங்கம் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் கொண்டுவந்தது. குலுக்கலில் பெயர் வந்தால் துப்பாக்கி தூக்கணும். ஆனால், தப்பிக்க இரண்டு கதவுகளைச் சட்டமே திறந்து வைத்தது. ஒன்று, உங்களுக்குப் பதிலாக இன்னொருவனைக் காசு கொடுத்து அனுப்பலாம். இரண்டு, 300 டாலர் கட்டிவிட்டு வீட்டில் இருக்கலாம்.

300 டாலர் என்பது எவ்வளவு? பி.காம். படித்ததற்கு இந்தக் கணக்காவது போடுகிறேன். அப்போது சாதாரணச் சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 13 டாலர். ஆக, 23 மாசச் சம்பளத்தை மொத்தமாக எண்ணி வைக்கணும். கூலிக்காரன் எங்கே போவான்?

இருந்தவர்கள் கொடுத்தார்கள். ஜே.பி. மார்கன் கொடுத்தார், பிற்பாடு அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கி முதலாளி ஆனார். க்ரோவர் கிளீவ்லாண்ட், போலந்திலிருந்து வந்த ஒருவருக்கு 150 டாலர் கொடுத்துத் தன் இடத்தில் அனுப்பினார். 1885-ல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். 1884 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் பிளெய்னும் ஆள் வைத்து அனுப்பியவர்தான்!

இல்லாதவர்களில் பலர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். அவர்களுக்குத்தான் பட்டம்: 'ஸ்கெடாடிலர்'. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அப்படிப் போனவர்கள் தங்கிய மேட்டுக்கு 'ஸ்கெடாடில் ரிட்ஜ்' என்றே பெயர்.

இரண்டு பேருமே போருக்குப் போகவில்லை. ஒருவரிடம் ரசீது இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. ரசீது வைத்திருப்பவரின் செயலுக்குக் கேலி வினைச்சொல் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கவனித்தீர்களா?

தெற்கிலும் இதே லட்சணம்தான். இருபது அல்லது அதற்கு மேல் அடிமைகள் இருக்கிற பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரர் வீதம் ராணுவ சேவையிலிருந்து விலக்கு என்று 1862-ல் சட்டம் போட்டார்கள்.

'அடிமைத்தளையை உடைத்த போரிலிருந்து ஓடியவனுக்கா பரிந்து பேசுகிறீர்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடியது வீரம் என்று நான் சொல்லவில்லை. 1863 ஜூலையில் இந்தச் சட்டத்தை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் செய்தவர்கள், பணக்காரர்கள் மேல் இருந்த கோபத்தை அப்பாவிக் கறுப்பின மக்கள் மேல் காட்டினார்கள். அநாதைக் குழந்தைகளின் விடுதியைக்கூடக் கொளுத்தினார்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். போருக்குப் போகாதது கேவலம் என்றால், காசு கட்டிப் போகாததும் கேவலம்தானே? 300 டாலர் சலுகையை 1864 ஜூலையில் பெரும்பாலோருக்கு ரத்து செய்தார்கள். ஆள் வைத்து அனுப்பும் கதவை மட்டும் மூடவே இல்லை.

பழைய கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்ம ஊர் ஆபீஸ்களில் ஸ்கெடாடிலின் கோட்டு சூட்டு போட்ட அண்ணன் ஒருத்தர் உலாவுகிறார்: 'அப்ஸ்காண்டிங்'. நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் ஒரு பையன் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால், ஹெச்.ஆர். ஃபைலில் அவன் அப்ஸ்காண்டிங். போலீஸ் தேடுகிற ஆளுக்குச் சொல்கிற அதே வார்த்தை! அதே கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூறு பேரின் ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினால், அதற்குப் பெயர் 'ரீஸ்ட்ரக்சரிங்'. அப்ஸ்காண்டும் செயப்படுபொருள் குன்றிய வினையேதான். அந்தப் பையனுக்கு மூன்று மாசமாகச் சம்பளம் வந்ததா, மேலாளர் என்ன பேசினார், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு விட்டார்கள் என்று எழுத அந்த ஃபைலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆகவே, ஒரு வேண்டுகோள். இனிமேல் யாராவது உங்களிடம், 'அவன் ஓடிட்டான் சார்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால், கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓட்டினது யாரு? ஓடாமல் இருக்க என்ன ரேட்டு?