நினைவுகளுக்குக் காவல் யார்?

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் பழைய புகைப்பட ஆல்பம் ஒன்று இருக்கக்கூடும். அதில் தாத்தாவின் கலியாணப் படம் மங்கிப் பழுப்பேறியிருக்கும். ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கும். ஆனாலும் முகம் தெரிகிறது அல்லவா? இனி, செல்பேசியில் உள்ள படங்களை எண்ணிப் பாருங்கள். அவை மங்குவதில்லை, பழுப்பேறுவதுமில்லை. ஆனால் போகும்போது பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு உணரவில்லை என்பதே என் கருத்து.

செல்பேசியிலும் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் படமும் குரலும் எண்களாக மாற்றப்படுகின்றன. அந்த எண்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களாக அடைத்து வைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அறையைச் சுற்றியும் மின்கடத்தாச் சுவர் உண்டு. ஆயினும் மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டுவைத்தால், எலெக்ட்ரான்கள் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். திருச்சிச் சீமையின் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா! சிறு பிழைகளைக் கருவியே திருத்திக்கொள்ளும். பிழைகள் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் படத்தைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

"அதனாலென்ன? எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே!" என்பார் சிலர். இணையம் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் பிறருடைய கணிப்பொறிதான். கூகுள் நிறுவனம் 2004இல் தொடங்கிய ஆர்க்குட், இந்தியாவில் லட்சக்கணக்கானோர் படங்களையும் நட்பு மொழிகளையும் சேர்த்து வைத்த இடம். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் தரப்பட்டது. தவறவிட்டவர்களுக்கு அவை போனவைதாம். 2020 ஜூன் 29 அன்று நம் அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடை சரியா, தவறா என்பது வேறு விஷயம். ஆடியும் பாடியும் அதில் ஏற்றிவிட்டு, வேறு படி வைத்துக்கொள்ளாத கிராமத்து இளைஞர்களின் உழைப்பு அவர்களுக்கே எட்டாததாயிற்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்னும் விதியையும் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. முதியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய கடவுச்சொல்லும் கூடவே மறைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் ஸ்ரீரங்கம் கோயிலின் கல்வெட்டுகளைப் போல எல்லாவற்றையும் கல்லில் வெட்ட முடியுமா? முடியாது. ஆனால் நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்த முறையை நாம் பின்பற்றலாம். ஓலை அழியக்கூடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படி எடுத்தனர். பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படி எடுக்காமல் விடப்பட்டவை மீளவே இல்லை.

மருங்காபுரியில் களையெடுப்புப் பாட்டு தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி அதைச் செல்பேசியில் பதிவு செய்கிறாள். அதோடு வேலை முடிந்துவிட்டதாக அவள் நினைத்தால், பாட்டியின் குரல் ஒரே ஒரு கருவியை நம்பி நிற்கிறது. செல்பேசி கிணற்றில் விழுந்தால் குரலும் கிணற்றில்தான். மாறாக, அவள் மூன்று படிகள் எடுக்கலாம்: ஒன்று செல்பேசியில், ஒன்று வீட்டுக் கணிப்பொறியிலோ வன்தட்டிலோ, ஒன்று வெளியூர் உறவினரிடம். பாட்டின் சொற்களை நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து பார்த்துப் புதிய கருவிக்கு மாற்றவும் வேண்டும்.

நண்பர்களே, ஆயிரம் படங்களை இப்படிக் காப்பது கடினம். ஐம்பதைக் காப்பது எளிது. எவை அந்த ஐம்பது என்று வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகளை உங்கள் வீட்டில் நன்கு அறிந்தவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே காவல் பொறுப்பும் உங்களுடையதே.