மின்னஞ்சலில் கொடி குத்துகிறீர்களா?

அண்மையில் ஒரு துணி ஓடரில் கையைச் சுட்டுக்கொண்டேன். 58 அங்குல அகலத் துணிக்கு விலை பேசித் தொடங்கிய மின்னஞ்சல் தொடர் அது. இடையில் வந்த ஒரு பதிலில், இருப்பில் உள்ளது 44 அங்குலம் மட்டுமே, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கடையில் நிற்கும் பையன் அதைத் திறந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். பிறகு கப்பல் திகதி பற்றி இரண்டு கடிதங்கள். நான் கடைசியானதை மட்டும் வாசித்து, ‘சரி, அனுப்புங்கள்’ என்று எழுதினேன். வந்து இறங்கியது 44.

விற்றவரிடம் முறையிட்டபோது, அந்த இடைக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். பேச வாய் இல்லை. எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி மின்னஞ்சலில் செய்த ஒப்பந்தமும் செல்லும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. இங்கே எழுத்து இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி ஒன்று உண்டு. பதில் எழுதும்போது பழைய கடிதத்தின் குறியும் கூடவே போகிறது. அதை வைத்துத்தான் மென்பொருள் கடிதங்களை ஒரே கட்டாகக் கோர்க்கிறது. 2004இல் வந்த ஜீமெயில் இதைப் பிரபலமாக்கியது. பழைய விலையைத் தேட நல்ல வசதிதான். ஆனால் வாசித்த கடிதங்கள் மடிந்து ஒரு வரியாகிவிடும். யார் திறந்தாலும் ‘வாசித்தது’ என்றே கணக்கு. ஒரே முகவரியை மூன்று பேர் திறக்கும் எமது கடைகளில் வினை இங்கேதான்.

அதற்குத்தான் அவுட்லுக்கில் கொடி, ஜீமெயிலில் நட்சத்திரம். விலை, அளவு, திகதி மாறும் கடிதத்தைக் கண்டவர் உடனே அந்தக் கடிதத்திலேயே குத்த வேண்டும். பதில் போன பிறகே எடுக்க வேண்டும். அனுப்பியவருக்கு இது தெரியாது. பழைய பொப் முறையில் கடைக் கணினிக்குக் கடிதம் இறக்குபவர்களுக்கு, கணினியில் குத்திய கொடி கையடக்கத் தொலைபேசியில் தெரியாது. ஐமெப் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

புதிய சரக்குக்கும் பழைய கடிதத்திலேயே பதில் எழுதுவது இன்னொரு கெட்ட பழக்கம். முகவரி தேடச் சோம்பல்! புதிய ஓடருக்குப் புதிய கடிதம் எழுதுங்கள், தலைப்பில் சரக்கின் பெயரைப் போடுங்கள். வெறும் ‘ஸலாம்’ என்று தலைப்பிடுபவர்களை என்ன சொல்வது?

எங்கள் கடையில் இப்போது கொடி குத்திய கடிதங்களை அஸருக்குப் பிறகு பையனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். அந்த 44 அங்குலத் துணியில் பாதி இன்னும் மேல்மாடியில் கிடக்கிறது.