நாயின் தட்டில் பூனையின் பங்கு

கம்பம் பள்ளத்தாக்கில் சொந்தமாக ஒரு வீடும், அதைச் சுற்றிக் கொஞ்சம் திறந்த வெளியும், அந்த வெளியைக் காக்க ஒரு நாயும் வாய்க்கப்பெற்றவர்கள், அடுத்த வீட்டில் பூனையும் வளர்கிறதென்றால், இரவில் படுகிற அவஸ்தையை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்வது சிரமம். ஊர் அடங்கி, கடைசி பஸ்ஸும் போய், மலைக்காற்று இறங்கத் தொடங்குகிற நேரத்தில், சுவரின் மேலிருந்து எதுவோ 'பொத்'தென்று குதிக்கும், சங்கிலி விறைக்கும், பாத்திரம் உருளும், பிறகு தெரு முழுவதும் உள்ள நாய்கள், காரணம் இன்னதென்று தெரியாமலே, அந்த விவகாரத்தில் பிரவேசித்துவிடும். விடிந்தபின் தூக்கம் கெட்ட இரு வீட்டாரும் வேலிக்கு இருபுறமும் நின்று, நாயின் குணத்தைப் பற்றியும் பூனையின் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசிக்கொள்கிற பேச்சு, சில சமயம் போலீஸ் நிலையம் வரைக்கும் போய்விடுவதுண்டு.

என் வீடு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளர்வது இரண்டு கோம்பை நாய்கள். உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையின் அடிவாரத்தில் உள்ள கோம்பை என்ற ஊர் தன் பெயரை ஒரு நாய் ஜாதிக்கே கொடுத்த ஊர் என்பதை இந்தப் பக்கத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவலை உடம்பும் கறுத்த முகமும், எதையும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கிற பார்வையும் கொண்ட இந்த ஜாதி, காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டபோது, இங்குள்ளவர்கள் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் பன்றியைத் துரத்துவதற்கென்று பல தலைமுறை பொறுக்கியெடுத்து வளர்த்த ஒரு பிராணி, கண்ணெதிரே ஓடுகிற பூனையைக் கண்டு சும்மா இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்? அது பூனையிடம் கொண்ட துவேஷம் அல்ல. ஓடுவதைத் துரத்து என்று அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. பூனை ஓடாமல், முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்து நின்றுவிட்டால், என் நாய்களே பலமுறை குழம்பி நின்றிருக்கின்றன.

பூனையை விரட்ட நான் செய்யாத உபாயம் இல்லை. மிளகாய்ப் பொடியைச் சுவரோரம் தூவினேன். அதை முதலில் மோந்து பார்த்துத் தும்மித் தும்மி மூக்கைத் தரையில் தேய்த்தது என்னுடைய நாய்தான். சொட்டுநீலம் கலந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி வாசலில் தொங்கவிட்டால் நாய் அண்டாது என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா, அதைப் பூனைக்குப் பரீட்சித்துப் பார்ப்போமென்று நான்கு பாட்டில்களைச் சுவரில் வரிசையாகக் கட்டினேன். மறுநாள் காலையில் அந்தப் பூனை ஒரு பாட்டிலில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தது. பினாயிலையும் பாச்சை உருண்டையையும் சிலர் சிபாரிசு செய்தார்கள். நல்லவேளையாக ஒரு கால்நடை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டேன். பினாயிலில் உள்ள சரக்கைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்றும், பாச்சை உருண்டை நாய், பூனை இரண்டுக்குமே விஷம் என்றும் அவர் சொன்னார். விரட்டுவதற்கும் கொல்வதற்கும் இடையே உள்ள தூரம் சில சமயம் ஒரு மூடி பினாயில்தான்.

உண்மையான காரணத்தை எனக்கு எடுத்துச் சொன்னவர், பூனையை வளர்க்கிற அடுத்த வீட்டு அத்தைதான். எழுபது வயதைத் தாண்டியவர். வார்த்தையை அளந்து பேசும் வழக்கம் இல்லாதவர். என்னுடைய புகாரை முழுவதும் கேட்டுவிட்டு, வேலியின் மேலாக எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, நீ நாய்க்குச் சோறு வைக்கிறியா, ஊருக்கே பந்தி வைக்கிறியா? விடிய விடியத் தட்டு அங்கனதானே கெடக்கு!" என்றார். திரும்பிப் பார்த்தேன். கோழிக்கடையில் வாங்கிய தலையும் காலும் போட்டு வேகவைத்த சோறு, நாய்கள் தின்றது போக, அலுமினியத் தட்டின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நாலைந்து ஈ. தட்டுக்குப் பக்கத்துப் புழுதியில் பூப்போல் பதிந்திருந்த காலடிகள் நாயினுடையவை அல்ல.

அன்றிலிருந்து என் அபிப்பிராயம் மாறிவிட்டது. பூனை நாயைத் தேடி வருவதில்லை; நாயைப் பொருட்படுத்தாமல் வருகிறது, அவ்வளவுதான். மீந்த ஆகாரம், அந்த ஆகாரத்துக்காக வருகிற எலி, எலிக்கு ஒளிவிடமான விறகுக் குவியல், குட்டி போடுவதற்கு வசதியான வைக்கோல் படப்பு அல்லது பழைய சாக்குகள்: இவற்றையெல்லாம் வீட்டுக்காரன் தன் கையாலேயே ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, வந்த விருந்தாளியைத் துரத்தும் வேலையை நாயின் தலையில் கட்டுகிறான்.

நேரமும் கவனிக்கத் தக்கது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகைச் செய்யுள் ஒன்றில், மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன என்று வீட்டுக் கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிற காட்சி வருகிறது. புலவர் சொல்ல வந்த பொருள் வேறாயினும், பூனையினத்தின் வழக்கத்தை அந்த அம்மையார் கூர்ந்து பார்த்திருக்கிறார். வெளிச்சம் மங்குகிற அந்திப் பொழுதும், விடியலுக்கு முந்திய பொழுதுமே பூனைக்கு வேட்டைப் பொழுது. நாமோ பெரும்பாலும் நம்முடைய சாப்பாடு முடிந்த பிறகு, ஒன்பது மணிக்கு நாய்க்கு வைக்கிறோம். அது தின்றதும் தின்னாததுமாக விட்டதைக் காலையில்தான் எடுக்கிறோம். பொழுது சாயுமுன் நாய்க்கு வைத்து, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிற ஒரு வழக்கத்தால் தீர்ந்த தொந்தரவு, நான்கு நீலப் பாட்டில்களால் தீரவில்லை. முதல் வாரம் பூனை வழக்கம்போல் வந்து, காலி இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் வாரத்தில் வருகை அரிதாகிவிட்டது.

பூனையை ஏன் தடுக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஜீவகாருண்யம் உடையவர்கள் கேட்கலாம். நாயின் மேல் பெரும்பாலும் காணப்படுகிற தெள்ளு, உண்மையில் பூனைத் தெள்ளு என்ற இனந்தான். அதை நாய் நக்கி விழுங்கும்போது வயிற்றில் நாடாப்புழுவும் சேர்கிறது. மூலையில் அகப்பட்ட பூனை முதலில் கீறுவது நாயின் கண்ணை. வெறிநோயை நாயோடு மட்டும் சம்பந்தப்படுத்திப் பேசுவது நம் வழக்கமாயிருக்க, அந்த நோய் பூனைக்கும் வரும், பூனையின் கடியாலும் பரவும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் ஸ்தாபனம் தோன்றி, தென்னாட்டுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்து கிடைக்க வழி பிறந்தது. நாய்க்கு ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பூனைக்குப் போட்டிருக்கிறோம்?

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிச் சில்லைச் சுவரின் மேல் பதிப்பது பழைய முறை. அது திருடனையும் தடுக்காது, பூனையையும் தடுக்காது, கால்களைக் கிழித்து ரணமாக்கும். ஐந்தடிச் சுவர் பூனைக்கு ஒரு படிக்கட்டு. அதன் விளிம்பில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைத் தளர்வாகக் கோத்து விட்டால், கால் வைக்கும்போது குழாய் உருளும், பிடிமானம் கிடைக்காமல் பூனை வந்த வழியே இறங்கிவிடும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல் போடுகிற இந்தப் பள்ளத்தாக்கில், இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் கைக்கொள்கிற உபாயம் ஒன்று உண்டு. பூனையைக் கொன்றால் மகாபாவம் என்ற பயம் இன்னும் நம் கிராமங்களில் போகவில்லை. ஆகையால் கொல்லாமல், குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, முல்லைப் பெரியாற்றுக்கு அக்கரையிலோ, சந்தைப்பேட்டையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். கண் திறந்து பத்து நாள் ஆகாத குட்டி அங்கே என்ன கதியாகும் என்பதைச் சாக்கைக் கட்டினவர் யோசிப்பதில்லை. பாவம் தம் கையில் ஒட்டவில்லை என்பதோடு அவர் மனம் சமாதானம் அடைந்துவிடுகிறது. பட்டினியால் துன்புறும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வேடிக்கை பார்க்க ஒரு பிராணியை இன்னொன்றின் மேல் ஏவுவதும் அதே சட்டப்படி குற்றமே. முதல் தடவைக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அந்தத் தொகைக்குக் கம்பத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். ஆனால் விஷம் வைத்துக் கொல்கிறவர் இந்த ஐம்பது ரூபாயை நம்பி இருந்துவிட வேண்டாம். பிராணியைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவு ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். கூடலூர், தேவாரம், கோம்பைப் பக்கங்களில் இரவில் கோழிக்கூட்டருகே வருவதெல்லாம் அடுத்த வீட்டுப் பூனை அல்ல. நீண்ட காலும் குட்டை வாலும் உள்ள காட்டுப்பூனையாக இருக்கலாம். நாய் என்று பேர் வைத்தும் நாயாகாத, பூனை என்று பேர் வைத்தும் பூனையாகாத மரநாயாக இருக்கலாம். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. இருட்டில் இன்னதென்று தெரியாமல் நாயை அவிழ்த்துவிடுகிறவர், விடிந்தபின் வனத்துறைக்குப் பதில் சொல்ல நேரும்.

பூனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னமனூர் அரிசி ஆலைக்காரரையும் போடி ஏலக்காய்க் கிடங்குக்காரரையும் கேட்டால், பூனையின் பிரயோஜனத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஊரில் பூனை இருக்கட்டும். என் நாயின் முற்றத்தில் வேண்டாம். எண்ணிக்கையும் இப்படிப் பெருக வேண்டாம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. ஒன்றைப் பிடித்துப் போய் விட்டால் அந்த இடத்துக்கு வேறொன்று வருகிறது. கருத்தடை செய்த பூனையோ அதே இடத்தில் அடங்கி வாழ்கிறது. கடுவனுக்குச் செய்துவிட்டால் சண்டையும், சுவரில் பீய்ச்சுகிற அந்த நாற்றமும் பெருமளவு குறைகின்றன. தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் தேசமெங்கும் வாதத்தைக் கிளப்பின. 2023-இல் வந்த கருத்தடை விதிகளும் பெரும்பாலும் தெருநாயை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. இந்த ஆரவாரத்தில் பூனையை நினைத்தவர் யாருமில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே இப்போது தேனி மாவட்டத்துக்குள் இருக்கிறது. கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம் நகராட்சிகளும் கால்நடை மருந்தகங்களும் மாதத்தில் ஒரு நாளையாவது பூனைக் கருத்தடைக்கென்று ஒதுக்கி, அந்த நாளை முன்கூட்டியே ஒலிபெருக்கி போட்டு அறிவிக்க வேண்டும்.

அத்தையின் பூனைக்கு ஆன செலவில் பாதியை நான் கொடுத்தேன். ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தவர் அவர். "ஒன் நாய்க்காக எம்பூனை வயித்தக் கிழிச்சாச்சு" என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார்; மறுப்பதற்கில்லை. நகராட்சியின் அறிவிப்பு வரும்போது வரட்டும். அதுவரை, நாய் வளர்க்கிற வீட்டார் இன்று இரவு கதவைத் தாழிடுமுன் முற்றத்துக்கு ஒரு நடை போய், அந்தத் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.