ரம்மியும் பயிர் விளையாட்டும் ஒன்றல்ல

ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கணினி விளையாட்டு எதுவுமே கூடாது என்ற கோரிக்கை கிளம்பியிருக்கிறது. மலைப்பகுதி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த இக்கூட்டமைப்பின் செயற்குழு, நீண்ட விவாதத்துக்குப் பின் எட்டிய நிலைப்பாடு இது: ரம்மி போலப் பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு இடமே இல்லை. பயிர் வளர்ப்பது, வீடு கட்டுவது, ஊராரோடு பழகுவது என்று நிதானமாக நகரும் வாழ்க்கை விளையாட்டுகளை, உரிய மேற்பார்வையோடு, கொள்கை அளவில் அனுமதிக்கலாம்.

இந்த வேறுபாட்டைச் சட்டமே செய்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பண விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டு, பொழுதுபோக்கு, கல்வி விளையாட்டுகளைத் தனியே பிரித்து ஊக்குவிக்க வழி வைத்தது. பெயரில் 'விளையாட்டு' இருப்பதாலேயே இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கையில் 15 பார்ஸ்னிப் விதைகள். நான்கு நாள் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு தயார். 20 காசு விதை, 35 காசுக்கு விலைபோகும். ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். 25-ஆம் நாள் விதைத்தால் விளைவதற்குள் பருவம் மாறிப் பயிர் பட்டுப்போகும். லாபக் கணக்கு, பொறுமை, திட்டமிடல் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. யாருக்கு என்ன பிடிக்கும் என்று நினைவில் வைத்துப் பரிசு கொடுத்தால் ஊராரின் நட்பு வளரும். ஒருமுறை வாங்கி நிறுவிவிட்டால் தனியாக ஆட இணையம் வேண்டாம். சிக்னல் தேடிப் பாறை ஏற வேண்டிய ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மழை பார்த்துச் சாமை விதைக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பருவம் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தின் முன் திணறும் பிள்ளைகூட இங்கே மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். அந்த வாய்ப்பைத்தான் தடை கோருவோர் பறிக்கப் பார்க்கிறார்கள். நகரத்துப் பிள்ளை ஆடினால் படைப்பாற்றல், மலைப் பிள்ளை ஆடினால் கெட்ட பழக்கமா? மலைப் பிள்ளைக்குத் தட்டச்சும் தேர்வுப் பயிற்சியும் போதும் என்று தீர்மானிக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

ஆதாரங்களை மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2020-இல் நிறுவனங்களின் பதிவுகளையே பெற்று ஆராய்ந்தபோது, இதே வகை விளையாட்டான 'அனிமல் கிராசிங்' கூடுதல் நேரம் ஆடியவர்களிடம் மனநிறைவு சற்றே கூடுதலாக இருந்தது. ஆய்வில் இருந்தோர் பெரியவர்கள். குழந்தைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஸ்டார்டியூ வேலியிலும் மதுக்கடையும் சூதாட்டக்கூடமும் உண்டு. ஆசிரியர் அருகில் இருப்பது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் திரைநேரம் குறித்த உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டலைக் கூட்டமைப்பு முழுமையாக ஏற்கிறது.

தமிழ் வாழ்க்கையையும் இத்தகைய விளையாட்டாக ஆக்க முடியும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வில், கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாயாக, சிதைந்த சமையல் குறிப்பைப் படித்துத்தான் இட்லி அவிக்க வேண்டும். 2024-இல் அது பாஃப்டா விருது பெற்றது. சாமையும் பலாவும் தேனும் உள்ள ஒரு விளையாட்டை உருவாக்க அரசு முன்வருவது பொருத்தமாக இருக்கும்.

ஆறாம் வகுப்பு முதல், வாரம் ஒரு பாடவேளை, ஆசிரியர் முன்னிலையில், விளம்பரமும் உள்கட்டணமும் இல்லாத விளையாட்டுகள் மட்டும் என்பதே கோரிக்கை. முடிவெடுக்கும் முன் ஜமுனாமரத்தூரில் கூட்டம் கூட்டிப் பெற்றோரையும் பிள்ளைகளையும் பேசவிட வேண்டும். அதுவரை எந்தப் பள்ளியின் கணினி அறையையும் பூட்டக் கூடாது.